‘டாரஸ் ஹவுசிங்’ என்றால் எந்த ஹவுசிங்? கிரவுன் – பினியன் மாட்டும் முன் உதவி தேவை

திருமங்கலம் டிப்பர்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் பழைய பத்துச் சக்கர டிப்பர் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. போன வியாழக்கிழமை நத்தம் சாலையில் எம்.சாண்ட் ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது பின்னால் ‘மடார்’ என்று சத்தம் கேட்டது. வண்டி அப்படியே நின்றுவிட்டது. கப்பலூருக்கு இழுத்து வந்து பிரித்துப் பார்த்தால், கடைசி ஹவுசிங்கில், அதாவது கடைசி ஆக்சிலின் இரும்புக் கூட்டில், பினியன் என்கிற சிறு பல்சக்கரத்தின் ஒரு பக்கப் பற்கள் நசுங்கித் தேய்ந்து, எத்தனை பல் இருந்தது என்று எண்ணவே முடியாதபடி கிடக்கிறது. அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலிலும் இரண்டு பல் உடைந்திருக்கிறது. அதில் மட்டும் எண்ண முடிந்தது: 41.

மெக்கானிக் ‘டாரஸ் ஹவுசிங், 41 பல் செட்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் கடையில் ‘டபுள் ஹவுசிங்கா, டம்மி வைத்ததா?’ என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் ‘முன் ஹவுசிங்கா, பின் ஹவுசிங்கா?’ என்றார்கள். மூன்றாவது கடையில் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கிரவுன் வீலில் 41 பல் சரியாக இருக்கிறது, போல்ட் துளைகளும் பொருந்துகின்றன. ஆனால் பினியன் தலை பழையதைவிடச் சற்றுச் சிறுத்திருப்பதுபோல் தெரிகிறது. பெட்டியில் உள்ள எண்ணும் வேறு. கேட்டால் ‘எண் மாறிவிட்டது, பொருள் ஒன்றுதான்’ என்கிறார்கள். என் வண்டியோ டாரஸே அல்ல, வேறு நிறுவனத்தின் வண்டி. எங்கள் பக்கம் பத்துச் சக்கரம் என்றாலே டாரஸ்தான்.

மெக்கானிக் மாட்டத் தயங்குகிறார். தவணை நாள் நெருங்குகிறது. மாட்டலாமா, கூடாதா?


மேலூர் பத்துச் சக்கரம்:

தம்பி, பயப்படாமல் மாட்டுங்கள். நானும் டாரஸ்தான் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு 41 பல் செட்தான் மாற்றினேன். பழையதைவிட இழுவை கூடியதே தவிரக் குறையவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கடைக்காரர்களுக்குக் கேள்வி கேட்பதே வேலை.


உதிரிபாகக் கடை:

மேலூர் அண்ணனுக்கு வணக்கம். நான் மதுரையில் இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதால் எத்தனை பேருடைய நாள் வீணாகியிருக்கிறது என்பதைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒருமுறை உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் ‘ஆக்சில் உடைந்துவிட்டது, உடனே அனுப்புங்கள்’ என்றார். பட்டறைப் பேச்சில் ஆக்சில் என்றால் உள்ளே ஓடும் ஷாஃப்ட்தான். அதனால் ஷாஃப்டை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அவருக்கு உடைந்திருந்தது ஹவுசிங். வெளிக்கூடே விரிசல் விட்டிருந்தது. அவருடைய பேச்சில் ஆக்சில் என்றால் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள முழு அமைப்பு. புத்தகப்படி அவர் சொன்னதுதான் சரி. வண்டியில் வெங்காயம் இருந்தது. இரண்டு நாள் ஆண்டிபட்டிக் கணவாய் அடிவாரத்தில் கிடந்தது. அந்த வெங்காயம் என் நினைவிலிருந்து போகவில்லை. அன்றிலிருந்து ‘ஆக்சில்’ என்று யார் சொன்னாலும் ஷாஃப்டா, முழு ஹவுசிங்கா என்று கேட்காமல் நான் பில் போடுவதில்லை. ஷாஃப்ட் என்றால் இடதா வலதா என்றும் கேட்பேன். பல வண்டிகளில் இரண்டும் ஒரே நீளம் அல்ல.

‘முன் ஹவுசிங்’ என்பதும் அப்படித்தான். சிலர் ஸ்டியரிங் ஆக்சிலைச் சொல்கிறார்கள். சிலர் பின்னால் உள்ள இரண்டில் முதலாவதைச் சொல்கிறார்கள். நான் ‘நடு’ என்றும் ‘கடைசி’ என்றும்தான் எழுதுகிறேன். குழப்பமே வருவதில்லை.

திருமங்கலம் தம்பி, அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பினியன் முனையிலும் கிரவுன் ஓரத்திலும் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்.


பழைய பட்டறை:

மேலூர்க்காரரே, உங்கள் வண்டியின் பின்புறம் குனிந்து பார்த்துவிட்டு ஒன்று சொல்லுங்கள். கடைசி ஆக்சிலின் நடுவில் உருண்டை இருக்கிறதா, அல்லது வெறும் குழாய்போல் நேராக ஓடுகிறதா?


மேலூர் பத்துச் சக்கரம்:

நேராகத்தான் இருக்கிறது ஐயா. உருண்டை முன்னால் உள்ளதில்தான். கடைசி, டம்மி.


பழைய பட்டறை:

நினைத்தேன். உங்கள் வண்டியில் ஓட்டும் ஆக்சில் ஒன்றுதான், டம்மி வெறுமனே சுமை தாங்குவது. அதில் பல் விகிதத்தை மாற்றினால் இழுவை கூடும், வேகம் குறையும், வேறொன்றும் ஆகாது. நீங்கள் சொன்னது உங்கள் வண்டிக்கு உண்மை. திருமங்கலம் தம்பியின் வண்டியில் இரண்டு ஆக்சிலும் ஓட்டுகின்றன. கடைசி ஹவுசிங்கில் பினியன் உடைந்தது என்று சொல்லும்போதே அது தெரிகிறது, டம்மியில் பினியன் ஏது? இரண்டுக்கும் டாரஸ் என்று ஒரே பெயர் சொல்லிவிட்டு, ஒன்றின் அனுபவத்தை மற்றொன்றுக்கு மருந்தாகக் கொடுக்கிறோம். தவறு அண்ணனுடையது அல்ல, பெயருடையது.

நாற்பது ஆண்டுகளாக நானும் இந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். அசோக் லேலண்டின் ஒரு மாடல் பெயர் டாரஸ். அந்த வண்டி நம் பக்கத்துக் குவாரிகளில் அவ்வளவு உழைத்திருக்கிறது. கீழவளவிலும் மேலூரிலும் கிரானைட் கல் இறங்கிய நாளில் பத்துச் சக்கரம் என்றால் கண்ணில் பட்டதெல்லாம் அதுதான். அதனால் பெயர் நின்றுவிட்டது. அதற்கு முந்திய தலைமுறை டாட்டா வண்டியை ‘பென்ஸ்’ என்று சொல்லும். 1954இல் டைம்லர் – பென்ஸுடன் சேர்ந்து தொடங்கிய வண்டி அது. ஒப்பந்தம் 1969இல் முடிந்தது. என் குரு அதற்குப் பிறகும் சாகும்வரை பென்ஸ் என்றுதான் சொன்னார்.

பெயரைக் குறை சொல்லவில்லை. பத்துப் பேர் நிற்கும் பட்டறையில் ‘டாரஸ் ஜாக்கியை எடு’ என்றால் பையன் சரியான ஜாக்கியைத்தான் எடுத்து வருகிறான். ஆனால் பல்லுக்கு அந்தப் பெயர் போதாது.


தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா சொன்னதற்குக் கணக்கு சேர்க்கிறேன். இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது, விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

41 பல் கிரவுனுக்குப் பினியன் 6 பல்லாகவும் இருக்கலாம், 7 பல்லாகவும் இருக்கலாம். 41/6 என்றால் விகிதம் 6.83, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் 6.83 சுற்று சுற்ற வேண்டும். 41/7 என்றால் 5.86. கிரவுன் ஒன்றுபோலவே தெரியும். 6 பல் பினியன்தான் சற்றுச் சிறுத்திருக்கும். நீங்கள் முதலில் எழுதிய அந்த ஒரு வரி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

உங்கள் நடு ஆக்சில் 41/7 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் 41/6 மாட்டிவிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரிச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று சுற்றும். நடு ஆக்சிலின் பினியன் 1,757 சுற்று கேட்கும். கடைசி ஆக்சிலின் பினியன் 2,050 கேட்கும். இந்த 293 சுற்று வித்தியாசத்தை யார் தாங்குவது? நடு ஹவுசிங்கின் முன்புறம் இருந்து இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் இன்டர் ஆக்சில் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போதும், டயர்த் தேய்மானம் முன்பின் இருக்கும்போதும் வரும் சிறு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கத்தான் அது இருக்கிறது. நேர்ச்சாலையிலும் நொடிக்கு ஐந்து சுற்று இடைவிடாமல் சுழன்றால் வாஷர் கருகும், பிறகு சிறுபல் கருகும், ஒருநாள் பிடித்துக்கொள்ளும். சேற்றில் அதற்கு லாக் போட்டு இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகப் பிணைத்தால் நிலைமை இன்னும் மோசம். நடுச் சக்கரம் ஏழு சுற்று சுற்ற நினைக்கும் நேரத்தில் கடைசிச் சக்கரம் ஆறு சுற்றுத்தான் சுற்ற முடியும். மிச்சத்தை டயரும் ஷாஃப்டும் கொடுக்க வேண்டும்.

எனவே மாட்டாதீர்கள். முதலில் நடு ஆக்சிலின் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். அதைப் பிரிக்கத் தேவையில்லை.


திருமங்கலம் டிப்பர்:

ஐயா, மிகவும் நன்றி. இதைப் படித்ததும் மெக்கானிக்குக்குக் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? பட்டறையில் காற்றுக் குழாய், ஜாக்கி, முக்காலி எல்லாம் இருக்கின்றன. கடைசி ஹவுசிங்குக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றி வைத்திருக்கிறோம்.


பழைய பட்டறை:

ஷாஃப்ட் கழன்றிருப்பது நல்லது. நடு ஹவுசிங்கின் பின்பக்கம் அந்த ஷாஃப்ட் இணையும் வட்டத் தகடு, ஃபிளேஞ்ச், வெளியே தெரியும், அதுதான் நமக்கு முள். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், நிதானமாகச் செய்யுங்கள்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். காற்று ஏற்றி, பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். கியர் நியூட்ரல். இன்டர் ஆக்சில் லாக்கைப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் சுற்று எங்கே போகிறது என்றே தெரியாது, கணக்குத் தப்பும். நடு ஆக்சிலில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி முக்காலி கொடுங்கள், மறுபக்கம் தரையிலேயே நிற்கட்டும், அதற்கும் கட்டை. ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. முக்காலி இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம். நான் ஒரு பையனை அப்படி இழக்கப் பார்த்தேன்.

ஃபிளேஞ்சில் சுண்ணாம்புக் கோடு ஒன்று, டயரில் ஒன்று. தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் ஃபிளேஞ்ச் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒரு பக்கம் நின்றுகொண்டிருப்பதால் இரண்டு சுற்று. இரண்டு சுற்றோடு நிறுத்தாதீர்கள், இருபது சுற்றுங்கள். 58, 59 வந்தால் 41/7. 68 வந்தால் 41/6. நடுவில் தடுமாற இடமே இருக்காது.


வாடிப்பட்டி ஓட்டுநர்:

குறுக்கே ஒரு கேள்வி. வண்டி எண்ணைப் பார்த்தே ஆக்சிலைச் சொல்லிவிட முடியாதா? 2518, 1613 என்றெல்லாம் எழுதியிருக்கிறதே?


உதிரிபாகக் கடை:

முடியாது நண்பரே. 2518 என்றால் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, 25 டன். அடுத்த இரண்டு குதிரைத்திறன், 180. ஆக்சிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதே எண்ணுள்ள வண்டி நெடுஞ்சாலைச் சரக்குக்கு ஒரு பல்லோடும் குவாரிக்கு வேறு பல்லோடும் வரும்.

ஆர்.சி. புத்தகத்தையும் நம்ப முடியாது. 2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை அரசு உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5, இரட்டை ஆக்சிலுக்கு 19இலிருந்து 21, மூன்று ஆக்சில் லாரிக்கு மொத்தம் 25இலிருந்து 28.5. அதைப் பார்த்துவிட்டுப் பழைய வண்டிக்காரர்கள் சிலர் ‘என் ஆக்சில் இப்போது 21 டன் ஆக்சில்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். காகிதத்தில் எண் மாறியதால் இரும்பு தடிக்கவில்லை. ஹவுசிங்கில் அடித்திருக்கும் தகடு என்ன சொல்கிறதோ அதுதான் அந்த ஆக்சில்.


தொழிற்பயிற்சி ஆசிரியர்:

தகடு என்றதும் இரண்டு செய்திகள்.

ஒன்று, ஹவுசிங்கில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் பெரிய எண்ணைப் பார்த்து ‘இதுதான் ஆக்சில் எண்’ என்று என் மாணவர்களே எழுதி வருகிறார்கள். அது வார்ப்பு எண். ஒரே வார்ப்பிலிருந்து பல வகை ஹவுசிங் கடைந்தெடுப்பார்கள். விகிதம், வகை எல்லாம் தனியாக ரிவெட் அடித்த தகட்டில்தான் இருக்கும். கிரீஸும் பெயின்டும் சேர்ந்து அதை மூடியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்க்காமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். எழுத்து ஆழமில்லாதது, தேய்த்தால் போய்விடும்.

இரண்டு, தகட்டில் உள்ள பெயர் மாறியிருப்பதாலேயே வேறு பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்காரர் ‘எண் மாறிவிட்டது’ என்று சொன்னதை நான் பொய் என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் அது உண்மையாகவே நடக்கிறது. அமெரிக்காவின் ராக்வெல் ஆக்சில் பிரிவு 1997இல் மெரிட்டார் ஆனது, 2000இல் ஆர்வின்மெரிட்டார், 2011இல் மறுபடியும் மெரிட்டார், 2022இல் கம்மின்ஸ் வாங்கிவிட்டது. ஈட்டனின் கனரக ஆக்சில் தொழில் 1998இல் டேனாவிடம் போனது. பழையவர் ஈட்டன் என்பார், இளையவர் டேனா என்பார், பெட்டியில் ஸ்பைசர் என்று இருக்கும். இது தொலைவில் உள்ள கதை அல்ல. அசோக் லேலண்ட் வண்டிகளுக்கு ஆக்சில் தரும் மைசூர் ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ், ராக்வெல் கூட்டில் தொடங்கியதுதான்.

மெரிட்டாரின் அமெரிக்க வழக்கில் பெயரே செய்தி சொல்லும். ஆர்.எஸ்.–23–160 என்றால் ஆர் பின்புறம், எஸ் ஒற்றை, 23 என்பது 23,000 பவுண்டு, அதாவது 10.4 டன். 160 என்பது உள்ளே இருக்கும் கிரவுன் – பினியன் தொகுதியின் வரிசை. எஸ் இருக்கும் இடத்தில் டி (T, டேண்டம்) இருந்தால் இரட்டை. ஆர்.டி.–40–145இல் உள்ள 40,000 பவுண்டு இரண்டு ஆக்சிலும் சேர்ந்து தாங்குவது. ஒன்றுக்கு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். இப்படிப் பிரித்துப் படிக்கக்கூடிய பெயர் நம் பட்டறைகளுக்கும் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.


பழைய பட்டறை:

ஆசிரியர் ஐயா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பின் நடுவில் பெரிய மூடி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது ஹப் ரிடக்‌ஷன். உள்ளே இன்னொரு பல் தொகுதி இருக்கிறது. அங்கே கிரவுனையும் பினியனையும் மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான். ஹப்பின் விகிதத்தையும் பெருக்க வேண்டும்.


மேலூர் பத்துச் சக்கரம்:

ஐயா, தம்பி, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். ஆனால் என் பேச்சைக் கேட்டு மாட்டியிருந்தால் அந்தப் பழி எனக்குத்தான். டம்மி வண்டிக்கும் டபுள் வண்டிக்கும் பல் விஷயத்தில் இவ்வளவு தூரம் என்று இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.


திருமங்கலம் டிப்பர்:

அண்ணே, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியதால்தான் ஐயா அந்த உருண்டைக் கேள்வியைக் கேட்டார், எனக்கும் விளங்கியது.

இன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். கட்டை, முக்காலி எல்லாம் சொன்னபடி. ஒருவர் டயரைச் சுற்ற, ஒருவர் ஃபிளேஞ்சை எண்ண, நான் எழுதினேன். முதல் தடவை எண்ணிக்கை 34இல் குழம்பி நிறுத்திவிட்டோம். இரண்டாவது தடவை சக்கரம் 20 சுற்று, ஃபிளேஞ்ச் 58 சுற்றும் அரைக்குச் சற்று மேலும். மூன்றாவது தடவையும் அதேதான்.

பிறகு வாங்கிய பினியனின் முனையைத் துடைத்துப் பார்த்தோம். சிறிதாக 6–41 என்று பொறித்திருக்கிறது. பழைய கிரவுனின் ஓரத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் 7–41 தெரிந்தது. ஒரு வாரமாக அந்த எண் எங்கள் காலடியிலேயே கிடந்திருக்கிறது.

செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெட்டி பிரித்துவிட்டதால் முதலில் மறுத்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் வாங்கிக்கொண்டார்கள். 41/7 செட் நாளை வருகிறது.


பழைய பட்டறை:

நல்லது தம்பி. நாளை வரும் செட்டில் இன்னொன்றும் பாருங்கள். கிரவுனிலும் பினியனிலும் ஒரே ஜோடி எண் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்து ஜோடியாக அனுப்புகிறார்கள். ஜோடி எண் வேறாக இருந்தால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள், ஊளையிடும். மாட்டியபின் பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றி, எங்கே படுகிறது என்று பார்த்துத்தான் மூட வேண்டும். உங்கள் மெக்கானிக்குக்கு இது தெரிந்திருக்கும். தயங்கினாரே, அந்தத் தயக்கத்துக்காகவே அவரை விட்டுவிடாதீர்கள். அவசரப்பட்டிருந்தால் நடு ஹவுசிங்கும் போயிருக்கும்.


வாடிப்பட்டி ஓட்டுநர்:

திருமங்கலம் நண்பரே, எண்ணெய்?


தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஹைப்பாய்ட் பல் என்றால் ஜி.எல்.5 தரமுள்ள எண்ணெய்தான். பினியன் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன, சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது. உடைந்த பல்லின் துணுக்குகள் ஹவுசிங் மூலையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாய்க்குள் கையை விட்டுத் துடையுங்கள், காந்தத்தையும் விட்டுப் பாருங்கள்.


திருமங்கலம் டிப்பர்:

வண்டி நேற்று ஓடத் தொடங்கிவிட்டது. ஜோடி எண் ஒன்றாகத்தான் இருந்தது. வெறும் வண்டியோடு அலங்காநல்லூர் வரை போய் வந்தோம், சத்தம் இல்லை. ஹவுசிங் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தேன், நடுவும் கடைசியும் ஒரே அளவு.

கேபினுக்குள் கதவு ஓரத்தில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘நடு 41/7, கடைசி 41/7, இரண்டும் ஓட்டும்.’ ஹவுசிங் தகட்டின் படமும் தொலைபேசியில் இருக்கிறது. யாருக்காவது இந்த வண்டியை விற்றால் அவருக்கு இந்த அலைச்சல் இருக்காது.


மேலூர் பத்துச் சக்கரம்:

நானும் இன்று காலை வண்டிக்குக் கீழே படுத்தேன். தகட்டின்மேல் மூன்று அடுக்கு பெயின்ட். துடைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து தெரிந்ததும் இங்கே போடுகிறேன். பழைய பட்டறை ஐயா கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.